கலிமா பொறித்த வெள்ளியும் பெயர் எழுதப்படாத பெண்ணும்
வைக்கிங் காதல் நாவல்களை முன்வைத்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

போன ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் என் ராத்தாவின் மகள் எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தாள். கெம்பஸில் இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை. இஷா முடிந்து சாப்பிட்டதும் போனைக் கையில் எடுத்தால் நடுச்சாமம் வரைக்கும் வாசிப்புத்தான். படம் பார்க்காமல் வாசிக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு படிப்பித்த எனக்கு, வாசிக்கிற பிள்ளையைக் கண்டால் என்ன வாசிக்கிறது என்று கேட்காமல் இருக்க ஏலாது.

"நாவல் சாச்சி" என்றாள்.

"என்ன நாவல்?"

கொஞ்சம் தயங்கிவிட்டு அட்டைப்படத்தைக் காட்டினாள். மஞ்சள் தாடி, தோளில் ஓநாய்த் தோல், கையில் கோடரி. பின்னால் பனிமூட்டத்துக்குள் ஒரு கப்பல். அவனுக்குப் பக்கத்தில் கை கட்டப்பட்ட ஒரு பெண்.

"வைக்கிங் ரொமான்ஸ். டார்க் ரொமான்ஸ் என்று சொல்றது. ஒங்களுக்குப் புடிக்காது சாச்சி."

புடிக்குமா புடிக்காதா என்று வாசித்தபிறகு சொல்கிறேன் என்று வாங்கி, இரண்டு இரவில் இரண்டு நாவல்களை வாசித்து முடித்தேன். ஆட்களின் பெயர்தான் வேறு, கதை ஒன்றுதான். கப்பலில் வந்து இறங்குகிறார்கள். ஊரைக் கொளுத்துகிறார்கள். ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிடித்தவன் கல்நெஞ்சன். அவள் அஞ்சாதவள். முந்நூறு பக்கம் கழிய அவன் அவளுக்கு அடங்கிப்போகிறான், அவளும் அவனை விரும்பத் தொடங்குகிறாள். ஊரைக் கொளுத்தியவனே கடைசியில் அவளுக்கு ஊராகிறான்.

குறை சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வரலாறு படித்தவள் என்ற வகையில் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது வேறொன்று. இந்த நாவல்களில் கொம்பு வைத்த தலைக்கவசம் பொய். அது 1876இல் ஜேர்மனியின் பைரொய்த் நகரில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை அமைத்த டொப்ளர் என்பவரின் கைவேலை. வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் ஒன்றுகூட இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. ஆனால் கை கட்டப்பட்ட அந்தப் பெண் பொய்யல்ல. அவளை நேரில் கண்டு எழுதிவைத்த ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு முஸ்லிம். பக்தாதிலிருந்து போனவர்.

அந்தக் கதை வந்த வழி

சிறைபிடித்தவனையே காதலிக்கும் கதை வைக்கிங்குகளோடு தொடங்கியதல்ல. நவீன ஆங்கில ஜனரஞ்சக நாவலில் அதைப் பெரும் சந்தைப் பொருளாக்கியது 1919இல் ஈ. எம். ஹல் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய "தி ஷேக்" நாவல். 1921இல் ருடோல்ப் வலன்டினோ நடித்துப் படமாகவும் வந்தது. அதில் பிடிக்கப்படுகிறவள் டயானா என்ற ஆங்கிலேயப் பெண். பிடிக்கிறவன் அல்ஜீரியப் பாலைவனத்து அஹ்மத் பின் ஹஸன் என்ற ஷேக். ஆம், முதலில் அந்த இடத்தில் நின்றவன் ஓர் "அரபி". கதை முடியும்போது ஒரு திருப்பம் வைத்தார்கள்: அவன் உண்மையில் அரபியே அல்ல, ஆங்கிலப் பிரபு ஒருவனுக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்தவன். மிருகத்தனத்துக்கு மட்டும் அரபு வேசம் தேவைப்பட்டது. கலியாணத்துக்கு ஐரோப்பிய இரத்தம் தேவைப்பட்டது.

1972இல் கெத்லீன் வுடிவிஸ் எழுதிய நாவலோடு அமெரிக்காவில் பெரிய வரலாற்றுக் காதல் நாவல்களின் அலை கிளம்பியது. 1980இல் ஜொஹானா லிண்ட்சே எழுதிய "ஃபயர்ஸ் ஒஃப் வின்டர்" நாவலில், வைக்கிங்குகள் பிடித்துச் சென்ற பெண் ஒருத்தி அடிமையாக ஒருவனுக்குக் கொடுக்கப்படுகிறாள். இன்று என் மருமகள் வாசிக்கிற நாவல்களுக்கு அது மூத்த ராத்தா மாதிரி. ஷேக்கின் இடத்துக்கு வைக்கிங் வந்தபோது எழுத்தாளர்களுக்கு ஒரு வேலை மிச்சம் என்பது என் எண்ணம். காட்டுமிராண்டித்தனமும் வேண்டும், வெள்ளை நிறமும் வேண்டும் என்றால் வைக்கிங்கிடம் இரண்டும் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இரகசியப் பிறப்பு எதுவும் தேவையில்லை.

அந்த வைக்கிங்கையும் ஏற்கெனவே கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவீடனில் தேசிய உணர்ச்சி கிளம்பியபோது பழைய கடற்கொள்ளையனை வீரனாகவும் காதலனாகவும் ஆக்கினார்கள். 1825இல் தெக்னேர் என்ற கவிஞர் வெளியிட்ட "ஃப்ரித்தியோஃப் சாகா" ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குப் போனது. 793இல் லின்டிஸ்ஃபார்ன் மடத்தில் ஆட்களை வெட்டியவர்களின் பேரன்மார், ஆயிரம் வருடத்துக்குப் பிறகு வரவேற்பறைப் பெண்களின் கனவுக்குள் வந்தது இப்படித்தான்.

பக்தாதிலிருந்து ஒரு சாட்சி

ஹிஜ்ரி 309 ஸபர் மாதம், அதாவது 921 ஜூனில், அப்பாஸியக் கலீபா அல்முக்ததிர் ஒரு தூதுக்குழுவை பக்தாதிலிருந்து அனுப்பினார். வொல்கா நதிக்கரையில் பல்கார் மக்களின் மன்னர் புதிதாக இஸ்லாத்தை ஏற்றிருந்தார். மார்க்கம் கற்பிக்க ஆளும் பள்ளியும் கோட்டையும் கட்டப் பணமும் கேட்டிருந்தார். குழுவில் போனவர்களில் ஒருவர் அஹ்மத் இப்னு பழ்லான். 922 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அங்குதான் அவர் "ரூஸ்" என்று அழைக்கப்பட்ட வடநாட்டு வணிகர்களைக் கண்டார். கிழக்கு நோக்கி நதி வழியே வந்த வைக்கிங்குகள் அவர்கள்.

அவர் எழுதிய குறிப்பின் சில பகுதிகள் யாகூத் அல்ஹமவியின் "முஃஜமுல் புல்தான்" வழியாக நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தன. இன்னும் விரிவான பிரதி 1923இல் மஷ்ஹத் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. ரூஸ் ஆண்கள் பேரீச்ச மரம் மாதிரி உயர்ந்தவர்கள், அவர்களைவிட நேர்த்தியான உடலமைப்பை நான் கண்டதில்லை என்கிறார். அதே வாயால், அல்லாஹ்வின் படைப்பில் இவர்களைவிட அசுத்தமானவர்கள் இல்லை என்றும் சொல்கிறார். நாவல் எழுதுகிறவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள்.

வொல்காக் கரையில் மரவீடு கட்டி, விற்பதற்கென்று கொண்டுவந்த அடிமைப் பெண்களோடு ரூஸ் வணிகர்கள் தங்கியிருந்தார்கள். மரச்சிலைக்கு முன்னால் போய் இன்னின்ன சரக்கும் இத்தனை பெண்களும் கொண்டுவந்திருக்கிறேன் என்று கணக்கொப்புவிப்பார்கள். நிறையத் தீனாரும் திர்ஹமும் உள்ள, பேரம் பேசாத ஒரு வியாபாரியை எனக்கு அனுப்பு என்று வேண்டுவார்கள். அந்த வியாபாரி யார்? திர்ஹம் வைத்திருப்பவர் யார்? கொஞ்சம் பொறுங்கள், அதற்கு வருகிறேன்.

அந்த நாட்களில் ரூஸ் தலைவன் ஒருவன் இறந்துபோனான். அவனைத் தற்காலிகக் குழியில் பத்து நாள் வைத்தார்கள். அவனுடைய அடிமைகளிடம், "அவனோடு சாகிறது யார்?" என்று கேட்டார்கள். ஒரு பெண் "நான்" என்றாள். சொன்ன சொல்லை மீளப்பெற முடியாது. அன்றிலிருந்து அவளைக் காவல் காக்க இரண்டு பெண்கள். அவள் போகும் இடமெல்லாம் கூடவே போய், அவள் காலைக்கூடக் கழுவிவிட்டார்கள். அவள் தினமும் குடித்தாள், பாடினாள், சந்தோசமாக இருந்தாள் என்று எழுதுகிறார்.

எரிக்கும் நாளில் கப்பலைக் கரையேற்றினார்கள். "மரணத்தின் மலக்கு" என்று அவர்கள் அழைத்த ஒரு கிழவி எல்லாவற்றையும் நடத்தினாள். அந்தப் பெண் தன் கைக்காப்புகளைக் கழற்றிக் கிழவிக்கும், காலில் கிடந்ததைக் கழற்றிக் காவல் நின்ற பெண்களுக்கும் கொடுத்தாள். கோப்பை கோப்பையாகக் குடிக்கக் கொடுத்தார்கள். தோழிகளிடம் பிரியாவிடை பெறும் பாட்டை அவள் நீட்டிக்கொண்டே போக, சீக்கிரம் குடித்துவிட்டு உள்ளே போ என்று கிழவி அவசரப்படுத்தினாள். அப்போது அந்தப் பெண் தடுமாறியதை இப்னு பழ்லான் கண்டார். கூடாரத்துக்குள் நுழைய வேண்டியவள், கூடாரத்துக்கும் கப்பலுக்கும் இடையில் தலையை நுழைத்தாள். கிழவி அவள் தலையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

உள்ளே நடந்ததை முழுதாக எழுத எனக்கு மனமில்லை. கயிறும் கத்தியும், அதற்கு முன்னால் ஆண்களும். வெளியே நின்றவர்கள் தடிகளால் கேடயங்களில் அடித்தார்கள். ஏன் தெரியுமா? அவளுடைய அலறல் மற்ற அடிமைப் பெண்களுக்குக் கேட்கக் கூடாதாம். கேட்டால் அவர்கள் பயந்து, நாளைக்குத் தங்கள் எசமானோடு சாக மறுத்துவிடுவார்களாம்.

கப்பல் எரிந்து ஒரு மணி நேரத்துக்குள் சாம்பலாயிற்று. அந்த இடத்தில் மண்மேடு கட்டி நடுவில் ஒரு மரக்கம்பம் நட்டு, இறந்தவனின் பெயரையும் ரூஸ் மன்னனின் பெயரையும் எழுதினார்கள். அவளுடைய பெயரை அந்தக் கம்பத்திலும் எழுதவில்லை, நம்முடைய இப்னு பழ்லானும் எழுதவில்லை.

வெள்ளி யாருடையது?

இந்த இடத்தில் "பார்த்தீர்களா காபிர்களின் கொடுமையை" என்று முடித்துவிட்டால் எனக்கும் லேசு, உங்களுக்கும் லேசு. ஆனால் வரலாறு நமக்கு அந்த வசதியைத் தரவில்லை.

1999ஆம் ஆண்டு சுவீடனுக்குச் சொந்தமான கொட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணை நிலத்தில் 67 கிலோகிராம் வெள்ளிப் புதையல் எடுத்தார்கள். அதில் 14,000க்கு மேற்பட்ட நாணயங்கள். பெரும்பாலானவை இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம்கள். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் பக்தாதிலும், பின்னர் ஸாமானியர்களின் ஸமர்கந்திலும் ஷாஷிலும் அச்சிட்ட திர்ஹம்கள் வடக்கே பல இலட்சக் கணக்கில் போயிருக்கின்றன. அவற்றில் கலிமா பொறித்திருக்கிறது.

அந்த வெள்ளி எதற்கான விலை? நீர்நாய்த் தோலுக்கும் கறுப்பு நரித் தோலுக்கும் வாளுக்கும் கொடுத்ததென்று இப்னு குர்தாத்பிஹ் எழுதியதிலிருந்து தெரிகிறது. ஆட்களுக்கும் கொடுத்ததுதான். ரூஸ்கள் கப்பலில் போய் ஸ்லாவிய மக்களைப் பிடித்து, கஸர் நாட்டுச் சந்தையிலும் பல்கார் சந்தையிலும் விற்றார்கள் என்று இப்னு ருஸ்தா தெளிவாகவே எழுதுகிறார். அரபியில் அந்த மக்களுக்கு "ஸகாலிபா" என்று பெயர். அடிமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே "ஸ்லாவ்" என்ற இனப் பெயரிலிருந்து வந்தது. இப்னு பழ்லான் கண்ட சிலைக்கு முன்னால் வேண்டப்பட்ட அந்த நல்ல வியாபாரி நம் ஆள்தான். அடிமையை உரிமை விடுவதைப் பெரும் நன்மையாகப் போதித்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்களின் காசுதான் அந்தக் கப்பல்களை இன்னும் இன்னும் தெற்கே இழுத்தது. எழுதக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால், கேடயத்தில் தட்டிய ஆட்களோடு நானும் சேர்ந்து தட்டியதாகிவிடும்.

எங்கள் பெண்களும் தப்பவில்லை. 844இல் வைக்கிங்குகள் இஷ்பீலிய்யா நகரைத் தாக்கினார்கள். பதினைந்து வருடம் போவதற்குள் மொரோக்கோக் கரையில் நக்கூர் என்ற சிறு முஸ்லிம் அரசைச் சூறையாடி ஆட்களைக் கொண்டுபோனார்கள். அரச குடும்பப் பெண்களைக் குர்துபாவின் அமீர் முஹம்மத் பணம் கொடுத்து மீட்டார் என்று அல்பக்ரி எழுதியிருக்கிறார். பணம் கொடுக்க ஆளில்லாதவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கு எழுத்து மிகக் குறைவு.

பேசாமல் இருந்தவள்

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவள் ஐஸ்லாந்தின் "லக்ஸ்தேலா சாகா"வில் வருகிறாள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இலக்கியம் அது. கதை நடப்பது பத்தாம் நூற்றாண்டில்.

ஹொஸ்குல்ட் என்ற ஐஸ்லாந்துக்காரன் இன்றைய சுவீடனின் மேற்குக் கரைத் தீவொன்றில் நடந்த சந்தைக்குப் போகிறான். அங்கே ரூஸ் நாட்டோடு வியாபாரம் வைத்திருந்த கில்லி என்பவனின் கூடாரத்தில், திரைக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள். ஒருத்திக்கு மட்டும் மூன்று மார்க் வெள்ளி விலை. மற்றவர்களைப் போல மூன்று மடங்கு. அவள் ஊமை என்று வியாபாரி முன்கூட்டியே சொல்கிறான். ஹொஸ்குல்ட் வாங்குகிறான். அன்றிரவே அவளைத் தன்னோடு படுக்க வைக்கிறான். பிறகு மனைவி இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகிறான். ஒரு பிள்ளையும் பிறக்கிறது.

பிள்ளைக்கு இரண்டு வயதிருக்கும்போது ஒரு காலை ஓடைக்கரையில் பேச்சுச் சத்தம் கேட்டு அவன் போய்ப் பார்க்கிறான். அந்த ஊமை தன் மகனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இனி மறைக்க முடியாதென்று சொல்கிறாள்: என் பெயர் மெல்கொர்கா, அயர்லாந்து மன்னனின் மகள், பதினைந்து வயதில் என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவ்வளவு காலமும் அவள் ஊமையாக இருந்தது எதற்கு? சாகா காரணம் சொல்லவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: எல்லாவற்றையும் பறித்த பிறகு அவளிடம் மிச்சமிருந்த சொத்து குரல் ஒன்றுதான். அதை அவள் வாங்கியவனுக்குக் கொடுக்கவில்லை, பிள்ளைக்குத்தான் கொடுத்தாள். மகனுக்குத் தன் மொழியைப் படிப்பித்தாள். அவன் வளர்ந்ததும் ஹொஸ்குல்டின் விருப்பத்துக்கு மாறாக அவனை அயர்லாந்துக்கு அனுப்பினாள். பயணச் செலவுக்காக வேறொருவனைக் கலியாணம் முடிக்கவும் செய்தாள்.

இது கதைதானே என்று விடலாம். ஆனால் ஐஸ்லாந்து மக்களின் மரபணு ஆய்வுகள் ஒன்றைக் காட்டியிருக்கின்றன. முதற் குடியேறிகளில் ஆண்வழி முக்கால்வாசி அளவில் ஸ்கண்டினேவியாவிலிருந்து வந்தது. பெண்வழியில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கத்துக்குரியது. எல்லோரும் பிடிக்கப்பட்டவர்கள் என்று சொல்ல முடியாது, சிலர் மனைவியராகவே போயிருக்கலாம். ஆனால் டப்ளினில் கண்டெடுத்த இரும்பு விலங்குகளையும் சேர்த்துப் பார்த்தால், மெல்கொர்கா ஒருத்தி மட்டும் இருந்திருக்க மாட்டாள்.

ஏன் வாசிக்கிறார்கள்?

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட வகுப்பெடுத்தேன் என்பதுதான் சரி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"சாச்சி, அது உண்மையில்ல என்று எங்களுக்குத் தெரியாதா? அந்தக் கதையில அவனுக்கு முன்னால எல்லாரும் நடுங்குற. அவள் மட்டும் நடுங்குற இல்ல. கடைசியில அவன்தான் அவளுக்குப் பயப்புடுற. வெளிய எங்க நடக்கும் அப்புடி? பஸ்ஸில ஒருத்தன் முட்டினாலே நாங்கதான் எழும்பி வேற சீட்டுக்குப் போற."

எனக்கு உடனே பதில் வரவில்லை.

1984இல் ஜெனிஸ் ரட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்க ஊரொன்றில் காதல் நாவல் வாசிக்கும் பெண்களோடு இருந்து கதைத்து ஒரு நூல் எழுதினார். புத்தகத்தைக் கையில் எடுப்பதே "இது என் நேரம், என்னைக் கூப்பிடாதே" என்று வீட்டாருக்குச் சொல்லும் வழியாக அவர்களுக்கு இருந்ததைக் கண்டார். இன்னொன்றையும் கண்டார். நாயகனின் முரட்டுத்தனம், உள்ளே மறைந்திருந்த அன்பின் அடையாளமாகக் கதை முடிவில் மாறிவிடுகிறது. நிஜத்தில் ஆண்களிடம் படும் அச்சத்துக்கு நாவல் ஒரு நல்ல விளக்கம் கொடுத்து ஆறுதல்படுத்துகிறது. மருமகள் பஸ்ஸை வைத்துச் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். பயத்தை வைத்து விளையாடிப் பார்க்க ஓர் இடம். முடிவு நல்லதாகத்தான் இருக்கும் என்று முதற் பக்கத்திலேயே தெரியும். தாங்க முடியாவிட்டால் மூடிவைக்கலாம். கூடாரத்துக்குள் போனவளுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

இதை இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கேடு என்று ஒதுக்கவும் என்னால் ஏலாது. கடத்தல் நம் கதைமரபுக்கும் புதிதல்ல. இலங்கையின் முதல் தமிழ் நாவலென்று நாம் பெருமைப்படும் சித்திலெவ்வையின் "அசன்பேயுடைய கதை" (1885) களவாடப்பட்ட ஒரு குழந்தையின் கதைதான். ஆங்கிலத்தில் மனம் மயங்குவதைச் சொல்ல "என்த்ரால்" என்று ஒரு சொல் உண்டு. அதற்குள் இருப்பது "த்ரால்", வைக்கிங் மொழியில் அடிமை என்று பொருள். நாம் மட்டும் என்ன, "மனதைக் கொள்ளையடித்துவிட்டான்" என்றுதானே சொல்கிறோம்? காதலைச் சொல்லப் போன இடத்திலெல்லாம் மொழி கொள்ளைக்காரனிடம் கடன் வாங்கியிருக்கிறது.

ஆகவே என் குறை வாசிப்பவர்கள் மீதல்ல. கதை செய்கிற ஒரு வேலை மீதுதான். பிடிபட்டவளின் மௌனத்தை அது சம்மதமாக மாற்றிவிடுகிறது. இப்னு பழ்லானின் பெண் "நான்" என்று சொன்னாள், பாடினாள், சந்தோசமாக இருந்தாள். அத்தோடு நிறுத்தினால் அதுவும் ஒரு டார்க் ரொமான்ஸ். ஆனால் அந்த மனிதர் அத்தோடு நிறுத்தவில்லை. அவள் தடுமாறியதையும், கேடயம் எதற்குத் தட்டப்பட்டது என்பதையும் எழுதிவிட்டார். அவர் அதைத் தடுக்கவில்லை, தடுக்கும் நிலையிலும் இருக்கவில்லை. கண்டதை மறைக்காமல் எழுதியதால்தான் ஆயிரத்து நூறு வருடத்துக்குப் பிறகும் நமக்கு அவளைப் பற்றித் தெரிகிறது.

மருமகள் ஊருக்குப் போகும்போது இப்னு பழ்லானின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுத்துவிட்டேன். நாவல் வாசிக்காதே என்று சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கப்போவதில்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு இரவு பதினொரு மணிக்கு கோல் எடுத்தாள்.

"வாசிச்சிட்டன் சாச்சி. பாட்ட ஏன் அவ்வளவு நீட்டினாள் என்று விளங்குது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "அவளுக்குப் பேரே இல்லையா?"

"இருந்திரிக்கும் மகள். எழுதல்ல."